பேசாத ரேடியோவுக்கு ஒன்பது லைசன்ஸ்

மலை எல்லையில் சீனாவும் இந்தியாவும் மோதும், இந்தியா ஆயுதம் கேட்டு அமெரிக்காவிடமும் இங்கிலாந்திடமும் போகும், கடைசியில் சீனாவே சண்டையை நிறுத்தும். இந்த மூன்றையும் முன்பே சொன்னவன் நான். நுவரெலியா கடைவீதியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சொல்லாமல் கேட்டால் சிலர் மறந்திருப்பார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றதுதான். ஆனால் நான் வேலை செய்கிற புடவைக்கடையில் சாமான் சுற்றி வருகிற பழைய பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிக்கிறவன்.

அந்தச் சண்டை நடந்த கார்த்திகையில் என் தங்கை பொன்னம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவள் புருஷன் கருப்பையா கங்காணி. நாற்பது பேர் அவன் கையில் வேலை செய்கிறார்கள். பிரஜாவுரிமை கேட்டு அவன் போட்ட மனு வருஷக்கணக்காய்க் கிடந்து, இப்போது செவ்வாய்க்கிழமை விசாரணை. இடைவிடாமல் இந்த நாட்டில்தான் இருந்தேன் என்று அவன் காகிதத்தில் காட்ட வேண்டும். தோட்டத்துப் பெயர்ப் பதிவில் நடுவே ஐந்து வருஷத்துப் புத்தகங்கள் மழை ஒழுகிக் கூழாகிவிட்டன. அந்த ஐந்து வருஷம் எங்கே போனாய் என்று கேட்டு மனுவைத் தள்ளினால், அவன் இந்த நாட்டுக்கும் ஆளில்லை, அந்த நாட்டுக்கும் ஆளில்லை. "அண்ணே, நீங்க வந்து இங்கிலீசுல பேசினா நல்லாருக்கும்" என்று எழுதியிருந்தாள். என் இங்கிலீஷ் அவ்வளவு பிரசித்தம்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நுவரெலியாவில் பஸ். நானுஓயா ரயில் நிலையம் ஐந்து மைல், இருபத்தைந்து சதம். அங்கே ரயில் ஒன்பது இருபதுக்கு வரவேண்டியது, பத்துக்கு வந்தது. அட்டனுக்கு இருபது மைல். மூன்றாம் வகுப்பில் இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். எனக்கு வலதுபக்கம்தான் கிடைத்தது, ஆனாலும் இடதுபக்கம் அழகாக இருந்ததாகக் கேள்வி.

தலவாக்கலையில் ஏறிய பெட்டிக்கடைக்காரர் ஒருவர் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஆயுதம் கொடுக்கிறவன் சும்மா கொடுப்பானா? இன்னிக்கு துப்பாக்கி வரும், நாளைக்கு அதைக் காவல் காக்க அவன் ஆளும் வருவான்."

"அப்ப வெறுங்கையோட நிக்கச் சொல்றீங்களா? எதிராளி மலையேறி வந்துட்டான்!" என்றேன்.

"நம்ம அரசாங்கம் மாதிரி நடுநிலையா இருக்கணும்."

"அடி வாங்கறவன் எப்பிடிங்க நடுநிலையா இருப்பான்?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. சிரிப்பு வந்தால் எனக்கு வாய் நிற்காது. "மஸ்கெலியாவில கங்காணி கருப்பையான்னு எங்க மாப்பிள்ளை, அவருகிட்ட ஒரு ரேடியோ இருக்கு. ரெண்டு பக்கச் செய்தியும் அதுல வரும். சும்மா கேக்கிற பெட்டியில்லே, டில்லிக்குத் திருப்பிப் பேசவும் பேசலாம்" என்றேன். எதிரே சாம்பல் நிறக் கோட்டும் கறுப்புக் குடையுமாக ஒரு சிங்களப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டனில் தேத்தண்ணி, பனிஸ் ரொட்டி. மஸ்கெலியா பஸ் பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டு மைல், அறுபது சதம். வளைவுகளை எண்ணினேன், நூற்றுப்பதினொன்று. மஸ்கெலியா கடைத்தெருவிலிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல் ஏற்றம், நடைதான். காலில் ஏறுகிற அட்டைக்குத் தேய்க்கச் சவர்க்காரத் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், "மாப்பிள்ளே, ரேடியோவைப் போடுங்க. சண்டை எங்க நிக்குதுன்னு பார்ப்போம்" என்றேன். கருப்பையா முகம் கழுவப் போனவன் வரவேயில்லை. பொன்னம்மாதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அது ஊமையாகி அஞ்சு வருசமாச்சுண்ணே. வெளியில சொல்லிறாதீங்க."

எனக்குப் புரியவில்லை. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடுகிற பெரட்டில், கருப்பையா தினமும் ரேடியோச் செய்தி சொல்லுவான். அதற்காகவே சனங்கள் நேரத்தோடு வந்துவிடுவார்கள் என்று அவனே எனக்கு எழுதியிருக்கிறான்.

"அப்ப பெரட்டுல சொல்ற செய்தி?"

"ஒங்க கடுதாசிதான். ஒன்னு வந்தா வாரம் பூராவும் பிச்சுப் பிச்சுச் சொல்லுவாரு."

இதைவிடப் பெரிய மரியாதை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. கல்கத்தாவில் இருநூறு விமானம் வந்து இறங்கியது என்று நான் ஒரு உத்தேசமாய் எழுதியதை நாற்பது பேர் நின்று கேட்டிருக்கிறார்கள்!

மறுநாள் பத்து மணிக்குத் தோட்டத்து ஆபீசில் விசாரணை. வாசல் நிறையச் சனம். மேசைக்குப் பின்னால் சாம்பல் நிறக் கோட்டு, சுவரில் சாய்த்த கறுப்புக் குடை. ரயிலில் எனக்கு எதிரே இருந்த அதே பெரியவர்.

பெரியவர் நல்ல தமிழில்தான் கேட்டார். என் இங்கிலீஷுக்கு வேலை இல்லை. "டில்லியோடு பேசுகிற மெஷின் உன்னிடம் இருக்கிறதாக நேற்று ரயிலில் கேள்விப்பட்டேன். யுத்த காலத்தில் அது விளையாட்டுக் காரியமில்லை. தெரியுமா?"

கருப்பையா வாசலில் நின்ற சனத்தைத் திரும்பிப் பார்த்தான். பெட்டி பேசும் என்றால் மனு போச்சு. பேசாது என்றால் நாற்பது பேர் முன்னால் மானம் போச்சு.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "மாத்தையா, ரயில்ல சொன்னது நான்தான். அது பொய். மாப்பிள்ளைக்கு ஒன்னும் தெரியாது. பெட்டியைத் தெறந்து பாருங்க" என்றேன்.

பெட்டி மேசைக்கு வந்தது. பின்பலகையைக் கழற்றினார்கள். உள்ளே பாட்டரியும் இல்லை, வால்வும் இல்லை. நூல் சுற்றிய ஒரு காகிதக் கட்டு இருந்தது. லயத்தில் எலி கடிக்காத இடம் அது ஒன்றுதானாம். பெரியவர் நூலை அவிழ்த்தார். வருஷத்துக்கு ஒன்றாக ஒன்பது ரேடியோ லைசன்ஸ். ஒவ்வொன்றிலும் கருப்பையா பெயர், லயத்து நம்பர், மஸ்கெலியா தபாற்கந்தோர் முத்திரை.

"பேசாத பெட்டிக்கு எதற்கு லைசன்ஸ் எடுத்தாய்?"

"எடுக்காம விட்டா, ஆளு நாட்டை விட்டுப் போயிட்டான்னு கவருமெண்டு நெனச்சுக்கும்ல மாத்தையா?"

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "இந்தியா ஜெயிக்க வேண்டும் என்று ஆசையா?"

"ஆசைதான் மாத்தையா. சித்தப்பா மக்களெல்லாம் அங்க இருக்காங்க."

"இங்கே சண்டை வந்தால் எங்கே போவாய்?"

"காலையில ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போவேன். வேற எங்க போறது?"

அவர் பேனாவை எடுத்தார். பதிவுப் புத்தகம் கூழான அந்த ஐந்து வருஷத்து லைசன்ஸ்களை மட்டும் தனியே அடுக்கி, நம்பர்களை ஒவ்வொன்றாகத் தன் கோப்பில் எழுதிக்கொண்டார். ரேடியோவுக்கு லைசன்ஸ் எதற்கு, காற்றில் வருவதைக் கேட்க அரசாங்கத்துக்கு ஏன் காசு என்று நான் பலமுறை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு விட்டுவிட்டேன்.

புதன்கிழமை பெரட்டில் கொழுந்தெடுக்கும் முத்தாயி ஆரம்பித்தாள். "என்னா கங்காணி, ஊமைப் பெட்டி இன்னிக்கு என்னா சொல்லுச்சு?" எல்லாரும் சிரித்தார்கள். கருப்பையா என்னைப் பார்த்தான். நான் பின்னாலிருந்து, "சண்டை நின்னுருச்சுன்னு சொல்லுச்சு" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். அன்று பகல் ஊர் திரும்பும் வழியில் அட்டன் நிலையத்துத் தேத்தண்ணிக் கடை ரேடியோவில் அதே செய்தி வந்தது. சீனாவே நிறுத்திக்கொண்டதாம். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரிடமும், இது காலையிலேயே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

போன வாரம் பொன்னம்மா கடிதம். கருப்பையாவின் மனுவை ஏற்றுக்கொண்டார்களாம், சத்தியப்பிரமாணம் எடுக்க வரச்சொல்லிக் காகிதம் வந்திருக்கிறதாம். அந்தக் காகிதமும் இப்போது ரேடியோவுக்குள்தான் இருக்கிறது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கார்த்திகையில் பகல் மூன்று மணிக்கெல்லாம் மழை இறங்கிவிடும், அதற்குள் ஏற்றத்தை முடித்துவிடுங்கள். மலையேறும் சீசன் தொடங்கிவிட்டால் அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற யாத்திரைக் கூட்டத்தில் மஸ்கெலியா பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. விசாரணைக்குப் போகிறவர்கள் வீட்டில் உள்ள முத்திரை குத்திய சீட்டு எதையும் எறியாதீர்கள், தபால்காரன் கொடுத்ததானாலும் சரி. எதிரே கோட்டுப் போட்டவர் இருந்தால் ரயிலில் சண்டையைப் பற்றி அளவாகப் பேசுங்கள்.

இன்னொன்று. பொன்னம்மாவும் இதைப் படிப்பாள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் வாசலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் முன்னால் போனேன் என்று எழுதினேன் அல்லவா? போகவில்லை. கோட்டைப் பார்த்ததுமே கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள்தான் லயத்துக்கு ஓடி, அந்தப் பெட்டியை இடுப்பில் தூக்கி வந்து மேசைமேல் வைத்தாள். "எங்கண்ணன் பேச்சு வெறும் காத்துங்க மாத்தையா. தெறந்து பாருங்க" என்றதும் அவள்தான். கொட்டகைக்குப் பின்னால் எனக்கு அது தெளிவாகக் கேட்டது.