சின்ன உடல்வாகு

முப்பத்தோராண்டுகள் கால்நடைப் பண்ணையில் பணியாற்றியவன் நான். கன்றின் மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைச் சொல்வேன். பிற்பாடு நாடாவும் தேவைப்படவில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அளவுண்டு, ஜெர்சிக்குரிய எடையை மலைமாட்டுக் கன்றிடம் எதிர்பார்ப்பது அறியாமை என்று இளநிலை அலுவலர்களுக்குப் பாடமெடுத்திருக்கிறேன். எங்கள் ஊரான மத்திகிரியில் என் சொல்லுக்கு இன்றும் மதிப்புண்டு. அந்த மதிப்பினால் நிகழ்ந்ததையே இங்கு எழுதுகிறேன்.

வீட்டின் பின்புறம் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். கடைசி அறையில் ஒடிசாவிலிருந்து வந்த இளந்தம்பதியர். இருவரும் தொழிற்சாலைக்குச் செல்பவர்கள். அவர்களுடைய பெண் குழந்தைக்கு அப்போது ஒன்றேகால் வயது. என் பேரனுக்கும் அதே வயதுதான். அவன் தொடையில் மூன்று மடிப்பு விழும். வருவோரெல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போவார்கள்.

ஒருநாள் முற்பகல் அங்கன்வாடிப் பணியாளர் எடைக்கருவியோடும், குழந்தையின் கைச் சுற்றளவு பார்க்கும் மூன்று நிற நாடாவோடும் வந்தார்.

"சார், பாப்பா கைய பாருங்க. செவப்புலயே நிக்குது. கொழந்தையோட ஆஸ்பத்திரில தங்கி, தேறின பிறகுதான் வரணும். நான் சொல்றது அந்தம்மாவுக்குப் புரியல. நீங்க இந்தில ஒரு வார்த்த சொல்லுங்க, கேட்டுக்குவாங்க."

குழந்தை அழாமல் அமர்ந்திருந்தது. செம்பட்டை முடி, சுருங்கிய தோல். நான் அதைச் சாது என்று எண்ணினேன்.

"இவங்க ஆளுங்களே சின்ன உடல்வாகும்மா. அப்பன் என் தோளுக்கு வரமாட்டான். நம்ம கணக்குல இவங்கள நிறுத்தக் கூடாது."

"எட பாக்கற கார்டு எல்லாக் கொழந்தைக்கும் ஒண்ணுதான் சார்."

"கார்டுக்கு என்னம்மா தெரியும்?"

மருமகளின் இடுப்பிலிருந்த என் பேரன் பக்கமாக அவர் எடைக்கருவியை நகர்த்தினார். பிறகு சிரித்து, "சரி, உங்க பேரனையாவது ஏத்துங்க. மெஷின் தாங்குதான்னு பாத்துடலாம்" என்றார்.

மருமகள் பதறினாள். "ஐயோ, வேணாங்க்கா. கண்ணு பட்டுடும். வெள்ளிக்கெழமதான் சுத்திப் போட்டோம்."

எங்கள் வீட்டு ஆண்கள் யாவரும் கனத்த உடல்வாகு என்று நானும் சொல்லி முடித்தேன்.

அதன்பின் அத்தாயிடம் இந்தியில், குழந்தைக்கு ஒன்றுமில்லை, உங்கள் மக்களுக்கு இதுவே உரிய அளவு என்றேன். அவள் குனிந்து என் பாதத்தைத் தொட்டாள். என் வளாகத்தில் ஒரு குழந்தை ஊட்டமின்றி வாடுகிறது என்று தெருவில் பேச்செழுவதை நான் விரும்பவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஒரு கன்று இரண்டு மாதம் எடை கூடாமல் நின்றிருந்தால் தீவனத்தைத்தான் சந்தேகித்திருப்பேன், இனத்தை அல்ல.

இரண்டாண்டுகள் சென்றன. பேரன் உறக்கத்தில் மூச்சுத் திணறவே பெங்களூருக்கு அழைத்துச் சென்றோம். மூன்று வயதில் ஏழு வயதுக்குரிய எடை என்றார் மருத்துவர். இதுவரையிலான எடைப் பதிவைக் கேட்டார். எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. எங்கள் குடும்பத்தின் உடல்வாகு என்று தொடங்கினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் வாக்கியத்தை முடிக்க இயலவில்லை.

அடுத்த வாரம் அங்கன்வாடிப் பணியாளர் வந்தபோது, பின்னறைக் குழந்தையைப் பற்றி நானாகவே கேட்டேன். அவள் பேரனின் மார்பளவுகூட வளர்ந்திருக்கவில்லை. பேச்சும் நான்கைந்து சொற்களைத் தாண்டவில்லை.

"இனி எட கூடினாலும் ஒசரம் அவ்வளவா பிடிக்காது சார். அந்த வயசு போயிடுச்சு." அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன்.

அன்று மாலை, வாழ்வில் முதன்முறையாக, என் தவற்றை ஒப்புக்கொள்ளும் பொருட்டு ஒருவர் வாசலுக்குச் சென்றேன். அத்தாய் இரவுப் பணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஆறு மாதம். இதற்குள் தமிழ் கற்றிருந்தாள்.

"நான் அன்னைக்கு சொன்னது தப்பும்மா. கொழந்தைய அப்பவே ஆஸ்பத்திரில சேத்திருக்கணும். இப்பவாவது காட்டு. வயித்துல இருக்கறதுக்கும் நீ அங்கன்வாடில பேர் குடுக்கணும்."

அவள் சிரித்தாள். "இல்ல சாப். இவ அப்பா சின்னது, நான் சின்னது. நம்ம ஆளு இப்டிதான். நீங்க பெரிய படிப்பு, நீங்க பாத்துதானே சொன்னது?"

மீண்டும் சொன்னேன்; இந்தியிலும் சொன்னேன். முதியவர் ஏதோ மனவருத்தத்தில் பேசுகிறார் என்று கருதியவள்போல் தலையசைத்தாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஒலியெழுப்பியது. மகளை ஒரே கையால், எடையே இல்லாததைத் தூக்குவதுபோல் தூக்கி, பக்கத்து அறைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு விரைந்தாள்.