பந்தியில் விழாத முகம்

கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பது என் பிழைப்பு. தொழிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன். கேமராவைத் தாழ்த்தி வைத்தால் ஆள் பெரியவனாகிவிடுவான், உயர்த்தினால் அடங்கிப்போவான். ஒருவனை நடுவில் உட்காரவைத்து மற்றவனை ஓரத்தில் நிறுத்திவிட்டால் அதிகாரம் யாருடையது என்று சொல்ல வசனமே வேண்டாம். சினிமாவுக்குப் போனாலும் கதையை விட்டுவிட்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தங்கையின் கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். மாப்பிள்ளையோடு வெளிநாடு போகிறவள் அவள். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ண்ணே, அப்பா வீடியோவுல நல்லா விழணும்" என்று அது ஒன்றைத்தான் கேட்டாள். இதையும் சொல்ல வேண்டுமா என்று சிரித்தேன்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் ஊற்றிய அந்தக் குழம்பை எங்கள் வீட்டு வழக்கப்படி பெண்ணைப் பெற்றவரே சம்பந்திகளுக்குப் பரிமாற வேண்டும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள். அப்பா வாளியோடு குனிந்து குனிந்து ஓடினார். நான் கேமராவை இலை மட்டத்துக்கு இறக்கி, சாப்பிடுகிறவர்களில் ஒரு முகத்தையும் விடாமல் எடுத்தேன்.

தங்கை வெளிநாடு கிளம்புவதற்கு முன்தினம் பாளையங்கோட்டை வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். தாலி கட்டும்போது அப்பாவின் பாதித் தோள்தான் தெரிந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா நடுநாயகமாக இருந்தார். அவர் இலைக்கு ஒரு வாளி வந்தது, ஒரு கரண்டி வந்தது, கரண்டியைப் பிடித்த ஒரு கை வந்தது. அந்தக் கைக்கு முகம் இல்லை. பந்தி முடியும்வரை அப்படித்தான். எடிட் செய்தபோது நிறத்தையும் வெளிச்சத்தையும் பத்துத் தடவை பார்த்தவனுக்கு இது கண்ணில் படவில்லை. தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்பா மட்டும் நாற்காலியை டி.வி. பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சம்பந்தி மொகம் எங்கனயும் கோணவே இல்லல்லா? அன்னைக்கு எனக்கு நிமிந்து பாக்கவே பயமா இருந்துச்சுலே. இலையத்தான் பாத்துட்டிருந்தேன். இப்பந்தான் நல்லா பாக்கேன். இன்னொரு தடவ போடு."

போட்டேன். அவர் பார்க்கப் பயந்த முகத்தைத்தான் அன்று முழுக்க நானும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தனக்குப் பயம் என்று அவருக்காவது தெரிந்திருந்தது. நான் என் பயத்தைத் தொழில்நேர்த்தி என்று நினைத்திருந்தேன்.