கரையேறிய நத்தைகள்

நத்தைக் குழம்பு கொதித்த அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா இருந்தார், அத்தை இருந்தார், நான் இருந்தேன், நாலு வயதுத் தங்கை இருந்தாள். அப்பா இல்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் தொட்டி கழுவுகிற வேலை அவருக்கு. எங்கள் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே அபூர்வம்.

எங்கள் ஊர்க் குளத்தில் நத்தை பிடிப்பது லேசான காரியமல்ல. முழங்கால் சேற்றில் நின்று துழாவ வேண்டும். அந்த வருஷம் மட்டும் அவை தாமாகவே கரையேறின. வானம் மூட்டம் போட்டால் கருவேல வேர்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நத்தை மேலே ஏறினால் மழை என்பார்கள் எங்கள் பக்கத்தில். நத்தை ஏறியது, மழையும் வந்தது. அதற்கு மேல் யார் என்ன கேட்பது?

"எங்க அண்ணனவிட இதுக்கு வெவரம் சாஸ்தி. கூப்பிடாமலே வீட்டுக்கு வந்துருது," என்றார் அத்தை.

தங்கைக்கு மூச்சு இளைப்பு இருந்தது. நத்தைக்கறி அதற்குக் கைகண்ட மருந்து என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பெரிய நத்தையெல்லாம் அவளுக்குத்தான். ஊக்கால் குத்தி எடுத்து ஊட்டுவது என் வேலை.

"கசக்குதுண்ணே."

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும். முழுங்குடி."

அன்றைக்கென்று பாதி வேலையில் அப்பா வந்துவிட்டார். சட்டியைப் பார்த்தவர் வாசற்படியிலேயே நின்றார்.

"எங்க புடிச்சது?"

"நம்ம கொளந்தான். கைய கழுவிட்டு உக்காருங்க, சூடா இருக்கு," என்றார் அம்மா.

"எம்புட்டு நாளா திங்கிறீக?"

"ஆடியிலருந்து, வாராவாரம். புள்ளைக்கு இளைப்பு கொறஞ்சிருக்கே, பாக்கலியா?"

அப்பா உள்ளே வந்தார். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் கவிழ்த்தார். "ஏண்ணே, கிறுக்கு புடிச்சிருச்சா? இம்புட்டு வெஞ்சனத்தையும் மண்ணுல கொட்டுற!" என்று அத்தை கத்தினார். அப்பா தங்கையைத் தூக்கி, தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். அவள் அலறிய அலறலில் நான் அவர் கையைக் கடித்துவிட்டேன். அவர் கையை உதறக்கூட இல்லை. "இனி எவனாச்சும் அந்தக் கொளத்துப் பக்கம் போனீகன்னா கால ஒடிச்சிருவேன்" என்றார். மறுநாளிலிருந்து தோல் ஷாப்புக்கும் போகவில்லை.

அடுத்த வருஷம் தங்கைக்கு முகம் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தண்ணீரால் இருக்குமா என்று அப்பா கேட்டபோது, "அதனாலதான்னு சொல்ல முடியாதுப்பா. இல்லைன்னும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். ஆறு வயது முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

"மருந்த நிறுத்துனதுலருந்துதான் எம்புள்ள படுத்தா," என்று அம்மா அழுதார். நானும் அதையே நம்பினேன். அப்பாவோடு சரியாகப் பேசிப் பல வருஷம் ஆனது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். வேதியியல் வகுப்பில் தோல் பதனிடும் குரோமியத்தைப் பற்றியும், அது மண்ணிலும் நீரிலும் என்ன செய்யும் என்பதைப் பற்றியும் கேட்ட அன்றே பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். அப்பா கூலிக்கு மல்லிகைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏன் சட்டியைக் கவிழ்த்தார் என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மழை மூட்டம் போட்டால், கழிவுத் தொட்டியின் அடைப்பைத் திறந்து ஓடையில் விடச் சொல்வாராம் மேஸ்திரி. மழையோடு மழையாகப் போய்விடும், யாருக்கும் தெரியாது. அந்த ஓடை எங்கள் குளத்தில்தான் விழுந்தது. நத்தைகள் மழைக்கு ஏறவில்லை. தண்ணீருக்குள் இருக்க முடியாமல் ஏறியிருக்கின்றன. அடைப்பைத் திறந்த கையைத்தான் நான் கடித்திருக்கிறேன், வேறு காரணத்துக்காக.

"எத்தன தடவப்பா?"

"பதினொண்ணு." மண்வெட்டியால் மண்ணை வெட்டிப் போட்டு வாய்க்கால் மடையை அடைத்தார். "தடவைக்கு நூறு ரூவா சேத்துக் குடுத்தாக. ஆயிரத்தி நூறு ரூவா, அப்பு."