ஆச்சி இருக்கிற வரைக்கும்

ஹிஸானா கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டிக் கொண்டிருந்தாள். கரண்டியின் முதுகால் துணியை அழுத்தித் தேய்த்தாள். ஒரு பருக்கைகூடக் கீழே போகக் கூடாது. வடிவது தண்ணீராகவும் இருக்கக் கூடாது, இருந்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கரண்டியைச் சரித்தால் தேன் விழுவதுபோல் மெதுவாக விழ வேண்டும். விழுந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மணி காலை ஐந்தே முக்கால்.

கட்டிலில் மாயம்மாள் முழித்துத்தான் இருந்தாள். வயது எண்பத்தொன்று. அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து மிளகாய் வத்தல் கிட்டங்கி போட்டவர். இப்போது கிட்டங்கியை மகன் ரமேஷ்பாபு பார்க்கிறார். கீழே மூட்டைகள், மேலே வீடு. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் ரெண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள்.

இரண்டரை வருஷத்துக்கு முன் மாயம்மாளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதோடு அவளுடைய மலையாளமும் போனது. ஐம்பது வருஷம் மீன்காரியிடம் மலையாளத்தில் பேரம் பேசிய நாக்கில் தமிழ் மட்டும்தான் மிஞ்சியது. அதுவும் குழறலாக, வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும். ஏஜென்சி அனுப்பிய இரண்டு ஹோம் நர்ஸுகளும் நிற்கவில்லை. கிழவி தங்களைத் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். சில சமயம் திட்டத்தான் செய்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கிட்டங்கியில் தரம் பிரிக்கும் வேலை செய்த சுல்ஃபத் கேட்டாள்:

"எம் மக வரட்டுமா அண்ணாச்சி? பேஷண்டைப் பாக்க பாலியேட்டிவ்காரங்க குடுத்த ட்ரெயினிங் முடிச்சிருக்கா. தமிழ் பேசுவா. எழுதத்தான் தெரியாது."

"அம்மா என்ன லெட்டரா எழுதச் சொல்லப் போறா? வரச் சொல்லு."

ஹிஸானாவுக்கு அப்போது எர்ணாகுளத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம் இடம் கிடைத்திருந்தது. இடம் கிடைத்ததே தவிர பணம் இல்லை. வங்கியில் அத்தா ஷௌகத் அலியின் பழைய ஆட்டோக் கடன் முடங்கிக் கிடந்ததால் படிப்புக் கடன் விண்ணப்பம் மேஜையைத் தாண்டவில்லை. ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப்போட்டதற்குப் பதில் இல்லை. எனவே ரமேஷ்பாபுவும் அவளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலை ஐந்தரையிலிருந்து எட்டரை, மாலை நாலரையிலிருந்து ஏழரை, ஞாயிறு முழுநாள். சம்பளம் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லூரி ஃபீஸை அவரே நேராகக் கட்டிவிடுவார். போக வர படகுக்காசு தனி.

"அம்மா இருக்கிற வரைக்கும், சரிதானா?" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றாள். பதினெட்டு வயதில் அந்தச் சொல்லை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஐந்து ஃபீஸ் கட்டியாயிற்று. மாயம்மாளின் முதுகில் ஒரு படுக்கைப்புண் கிடையாது. இரண்டரை வருஷம் ஒரே கட்டிலில் கிடக்கும் உடம்பை அப்படி வைத்திருப்பது எவ்வளவு வேலை என்பது செய்தவர்களுக்குத் தெரியும். மீதி இருந்தது கடைசி ஃபீஸ் ஒன்றுதான்.

மாயம்மாளுக்கும் அவளுக்கும் பேச்சு நடக்கும். உடம்பைத் துடைக்கும்போது கிழவி கேட்பாள்:

"இன்னைக்கு என்ன படிக்கப் போற?"

"டிப்ரீசியேஷன் ஆச்சி. சாமான் பழசாகப் பழசாக வெல கொறையுறது."

"என்னைய மாதிரி."

"நீங்க நெலம் ஆச்சி. நெலத்துக்கு டிப்ரீசியேஷன் கெடையாது, பின்னே?"

கிழவியின் பாதி முகம் சிரித்தது. அந்தப் பாதி போதும்.

ஆனால் இன்று காலை கஞ்சி உள்ளே போகவில்லை. மூன்றாவது கரண்டியைக் கன்னத்திலேயே ஒதுக்கி வைத்துக்கொண்டாள். ஹிஸானா தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். விழுங்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"போதும் தாயி."

"இன்னும் நாலே நாலு கரண்டி."

"கஞ்சிய சொல்லல." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறைய நேரம் எடுத்தது. "எல்லாம் போதும். எங்க வீட்டுக்காரருக்கு மூக்குல கொழாய் போட்டு வச்சானுவ... எனக்கு வேண்டாம். எம் மவன்ட்ட சொல்லிரு. அவனுக்கு என் பேச்சு காதுல ஏறாது."

"சொல்றேன் ஆச்சி" என்று ஹிஸானா வாயைத் துடைத்துவிட்டாள்.

அன்று சொல்லவில்லை. கிட்டங்கியில் லோடு வந்து நின்றது, ரமேஷ்பாபு தலைநிமிரவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மறுநாளைக்கு அப்படிக் காரணம் எதுவும் இல்லை. நாலாம் நாள் டாக்டர் வந்து பார்த்தார். இனி வாய்வழி போகாது, மூக்குக் குழாய் போட்டால் சில மாதங்கள், போடாவிட்டால் சில நாட்கள், வீட்டுக்காரர்கள் பேசி முடிவு செய்யுங்கள் என்றார்.

ரமேஷ்பாபுவின் மனைவி மகாவுக்கு ஊர்வாய்ப் பயம். "அத்தைய பட்டினி போட்டுக் கொன்னோம்னு விருதுநகர் வரைக்கும் பேசுவாங்க" என்றாள்.

ரமேஷ்பாபு ஹிஸானாவைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். "அம்மா உன்ட்டத்தான் பேசுறா. இதப்பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

ஃபீஸின் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவள் அந்த மூன்று வாரத்தை எண்ணிவிட்டாள்.

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி."

"அப்பப் போட்டுரலாமா?"

"போட்டா கொஞ்சம் தெம்பு வரும்."

தெம்பு வராது என்று அவளுக்குத் தெரியும்.

குழாய் போட்டார்கள். மாயம்மாள் இரண்டு தடவை அதைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு தடவையும் மறுபடி போட்டார்கள். வீட்டுக்கு வரும் நர்ஸ் கங்கா, மூன்றாவது தடவையும் பிடுங்கினால் மூக்கு புண்ணாகிவிடும், கையைக் கட்டிவிடுங்கள் என்றாள். இடது கையை மட்டும் கட்டினால் போதும், வலது கை ஏற்கெனவே அசையாது. ஹிஸானா பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, கட்டில் கம்பியில் கட்டினாள். முறையாகத்தான் கட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தடவிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். அவள் இல்லாத நேரத்தில் மகா கட்டினாள்.

முதல் நாள் கட்டியபோது மாயம்மாள், "அவுத்துரு" என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் பேசவே இல்லை. திட்டக்கூட இல்லை. உடம்பைத் துடைக்கும்போது ஹிஸானா, "இன்னைக்கு ஆடிட்டிங் ஆச்சி" என்று தானாகவே சொல்லிப் பார்த்தாள். கிழவி கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். ஊசிக்குழலில் கஞ்சித் தண்ணீர் வேளைக்கு இறங்கியது. எடைகூடக் கொஞ்சம் ஏறியது.

செவ்வாய்க்கிழமை இரவு வீட்டில் சுல்ஃபத் சாயா போட்டுக்கொண்டே கேட்டாள். "ஃபீஸுக்கு லாஸ்ட் டேட் எப்ப?"

"வியாழக்கிழமை."

"அண்ணாச்சிக்கு ஞாபகப்படுத்தினியா? ஆச்சி எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க."

"இருக்கட்டும். அல்லா ஆயுசக் குடுக்கட்டும். வியாழக்கிழமை வரைக்குமாச்சும்..." சுல்ஃபத் சட்டென்று நிறுத்தினாள். தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். "தௌபா, தௌபா. என்ன பேச்சு பேசுறேன் பாரு."

ஹிஸானா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள். இந்த மூன்று வாரமாக அவள் மனதுக்குள் ஓடிய கணக்கு அப்படியே அடுத்தவர் வாயில் வந்து விழுந்தது. அம்மாவாவது உடனே வாயில் அடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை ரமேஷ்பாபு கூடத்தில் உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். மகா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில்.

"காலைல பத்து மணிக்கு ஃபீஸ் போட்டுர்றேன். காலேஜ் லிங்க் அனுப்பு."

ஹிஸானா அப்போதுதான் கட்டை அவிழ்த்துவிட்டு வந்திருந்தாள். கிழவியின் மணிக்கட்டில் சிவப்பு வளையம் இருந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். ஆச்சி சொன்னாங்க. கொழாய் வேண்டாம்னு சொன்னாங்க. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல."

ரமேஷ்பாபு செல்போனைக் கீழே வைத்தார். "ஏன்?"

"ஃபீஸு."

முதலில் வாயைத் திறந்தது மகாதான்.

"அடிப்பாவி. எங்க கைய வச்சே அவங்களக் கட்டிப்போட வச்சியே. நாங்க சாகுற வரைக்கும் இத நெனச்சுட்டுக் கெடக்கணுமே."

ரமேஷ்பாபு கேட்டார்: "இப்ப எதுக்குச் சொல்ற? நாளைக்கு ஃபீஸ் கட்டின பெறகு சொல்லியிருக்கலாமே."

"கட்டிட்டா நான் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணாச்சி."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? அம்மா போனாலும் கடைசி ஃபீஸக் கட்டிருங்கன்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா கட்டியிருப்பீங்களா?"

அவர் நேர்மையான மனிதர்தான். தெரியாததைச் சொல்லமாட்டார்.

எழுந்து போய் அம்மாவின் அருகில் குனிந்தார். இத்தனை மாதத்தில் அவர் அப்படிக் குனிந்து ஹிஸானா பார்த்ததில்லை. "அம்மா, கொழாய எடுத்துரட்டுமா?" என்று உரக்கக் கேட்டார். மாயம்மாளின் காது நன்றாகத்தான் இருந்தது. உதடு அசைந்தது. ரமேஷ்பாபு காதை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு திரும்பினார். பொய் சொன்னவளைத் தவிரக் கேட்க வேறு ஆள் இல்லை.

"என்ன சொல்றா?"

ஹிஸானா மண்டியிட்டுக் காதை வைத்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு கிழவி பேசினாள். ஹிஸானா நிமிர்ந்து, சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள்.

"'இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சாக்கும்'னு சொல்றாங்க."

அது அம்மாவின் பேச்சுதான் என்பதில் ரமேஷ்பாபுவுக்குச் சந்தேகம் வரவில்லை. மாயம்மாளின் அவிழ்த்துவிட்ட இடது கை மெல்ல எழுந்து மூக்கருகே போய் நின்றது. பிடுங்கவில்லை. காட்டியது.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஹிஸானாவைப் பார்க்காமலே சொன்னார். "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

வீட்டில் அவள் அத்தாவிடம் நாலு வாக்கியத்தில் சொன்னாள். ஷௌகத் அலி, "அப்ப படிப்பு?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லத்தா."

சுல்ஃபத் ஏச வாயெடுத்தாள், பிறகு வேண்டாமென்று அடுப்படிக்குப் போனாள். அங்கே பாத்திரம் எதுவும் உருளவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஹிஸானா கிட்டங்கி மாடிப்படி ஏறினாள். மகா கதவைத் திறந்தாள், இவளைப் பார்த்தாள். 'வா' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தாமல் உள்ளே போய்விட்டாள்.

எட்டு மணிக்குக் கங்கா வந்து குழாயை எடுத்தாள். ஒரே இழுப்பு, ஒரு இருமல், முடிந்தது. ஹிஸானா மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிப் பசையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தெடுத்தாள். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்தாள், தண்ணீர் உள்ளே இறங்காதபடி பிழிந்து பிழிந்து. மாயம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ரமேஷ்பாபு அன்று கிட்டங்கியைத் திறக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹிஸானா கட்டிலைச் சுற்றி வந்தபோது காலை மடக்கி வழிவிட்டார்.

பத்தேகாலுக்கு அவளுடைய செல்போன் அடித்தது. வகுப்புத் தோழி ஹஸீபா.

"எவிடெயா நீ? ஃபீஸ் கவுண்டர் பன்னிரண்டுக்கு மூடுவாங்க, கேட்டோ. க்யூல உனக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்."

"நீ கட்டிட்டுப் போ. நான் வரல."

"லேட் ஃபீஸ் போட்டு அடுத்த வாரமா?"

"இல்ல."

ஸ்டூலில் இருந்தவருக்கும் அது கேட்டிருக்கும். அவர் நிமிரவில்லை. ஹிஸானா செல்போனை அணைத்துத் தாவணி முனையில் முடிந்துகொண்டாள். மாயம்மாளை இடப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே மடித்த துணியை வைத்தாள். குதிகால் இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாகத்தான் இருந்தன. நனைந்த விரிப்பை உருவிப் புதியதைப் போட்டுவிட்டு, பழையதைத் துவைக்க எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.