எத்தனை பரப்பு?

என் மகள், டொரொன்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் கார் திருத்தும் கடை வைத்திருக்கும் கிரேக்கர் ஒருவரின் மகனை விரும்பினாள். அப்பா சம்மதிக்காமல் கலியாணம் இல்லை என்று அவளே முடிவெடுத்து இரண்டு வருடம் காத்திருந்தாள். சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். காத்திருக்கிற பிள்ளையோடு என்னவென்று சண்டை பிடிப்பது?

கடைசியில் பையனின் தகப்பனை டோர்செட் பார்க்கில் உள்ள எங்கள் அப்பார்ட்மென்டுக்கு அழைத்தேன். சம்பந்தம் பேசும்போது எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். ஊரில் காணி பூமி உண்டா, எவ்வளவு தேறும்?

"ஐயோ அப்பா, ஹூ ஆஸ்க்ஸ் தட்?" என்று மகள் தலையில் கை வைத்தாள்.

"தன்ரை முதுகு தனக்குத் தெரியாதாம்," என்றாள் மனைவி அடுப்படியில் இருந்து.

அந்த மனிதர் கோபிக்கவில்லை. "இருக்கிறது. வந்து பாருங்கள்," என்றார். இருவரின் இங்கிலீஷும் உடைசல்தான். ஆனாலும் காணி விஷயம் மட்டும் இருவருக்கும் நன்றாக விளங்கியது.

அப்படித்தான் ஒரு ஜூன் மாதம் எல்லோருமாக அவருடைய தீவில் போய் இறங்கினோம். ஏதென்ஸிலிருந்து கப்பலில் ஐந்து மணித்தியாலம். இறங்கியதும் எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம். கடலுக்கு நடுவே ஒரு மொட்டைக் கல்மலை, அவ்வளவுதான். "உது காணியோ? உதிலை ஆடு நிண்டாலும் பட்டினி," என்று மனைவியின் காதில் சொன்னேன். அவள் என்னை நுள்ளினாள்.

மறுநாள் காலை அவர் என்னை மலைக்குக் கூட்டிப் போனார். மகளும் பின்னால் வருவதாகச் சொன்னாள். பாதி ஏறியதும் மூச்சு வாங்கத் திரும்பி நின்றேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மலை முழுக்கச் சுவர்கள். அதே மலையின் கல்லில் கட்டியதால் கீழே நிற்கும்போது எனக்குத் தெரியவில்லை. சீமெந்து இல்லை, சாந்து இல்லை. இடுப்பளவு உயரத்தில் கடற்கரையிலிருந்து உச்சிவரை ஒன்றுக்கு மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் போயின. ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் இரண்டு பாய் விரிக்கிற அகலத்துக்கு மண் இருந்தது.

மழை மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோய்விடுமாம். அதனால் அவருடைய ஆட்கள் கல்லை அடுக்கி, கீழிருந்து மண்ணைக் கூடையில் சுமந்து வந்து கொட்டி, பார்லி விதைத்தார்களாம். நான் பள்ளிக்கூட வயதில் வெங்காயம் நட்டவன். மண்ணைக் கொத்தத் தெரியும், சாறிக் களை எடுக்கத் தெரியும். மண்ணையே தலையில் தூக்கிக்கொண்டு மலையேறிய சனத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. எந்தக் கோபுரத்தையும் நான் அப்படி அண்ணாந்து பார்த்ததில்லை. கோபுரம் ராசா கட்டுவித்தது, இது பசித்தவன் தானாகக் கட்டியது. என்னை அறியாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். கல் சுட்டது. திரும்பவும் போட்டுக்கொண்டேன்.

அவருடைய பங்கு ஏழு அடுக்கு. கடைசி அடுக்கின் சுவர் ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. "இது என் மகனுக்கு," என்றார். மனக்கணக்குப் போட்டேன். எங்கள் ஊர் அளவில் அரைப் பரப்பும் தேறாது. அதைச் சொல்லிச் சிரிக்கும் ஆசை எனக்கு எப்போதோ போய்விட்டிருந்தது.

பிறகு அவர் கேட்டார். "உங்களுடையது எவ்வளவு?"

பதினாறு பரப்பு, முழுசாக ஒரு ஏக்கர் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பதினாறு பரப்பும் ஊரில் முப்பது வருடத்துக்கு மேலாக ஆமி முகாமின் முள்ளுக்கம்பிக்குள் கிடக்கிறது. காணி உறுதி மட்டும் டொரொன்டோவில் என் அலுமாரியில் இருக்கிறது. வெட்கமாக இருந்தது. "கடதாசியில் மட்டும் இருக்கிறது," என்றேன்.

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. குனிந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் தந்து, சரிந்த இடத்தைக் காட்டினார். வைத்தேன். அவர் அதை எடுத்துப் புரட்டி வைத்தார். அசையாமல் இருந்துகொண்டது. அடுத்ததை நானே புரட்டிப் பார்த்து வைத்தேன். வெயில் உச்சிக்கு வருவதற்குள் இரண்டு முழம் எழும்பிவிட்டது.

மகள் தண்ணீர்ப் போத்தலோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்? உங்களுக்கு இடுப்பு நோ எல்லே!"

"உன்ரை காணியடி பிள்ளை. இடிஞ்சு கிடக்கு, வேறை ஆர் கட்டுறது?"

அவள் அப்படியே சுவரின் மேல் குந்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"உதிலை இருக்காதை, இப்பத்தான் வைச்சது!" என்று கத்தினேன்.