இழுத்துப் பார்க்கும் பூட்டு

புனேயின் கோந்த்வா பகுதியில் தன் வீட்டைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கிய ஆனந்தவல்லி, திரும்ப ஏறிவந்து நான்காம் முறையும் இழுக்கிறார். கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. "அரே, ருக்கோ பையா! பூட்டு விழுந்துச்சான்னு பார்க்க வேணாமா?" கூடவே வேலைக்குப் போகும் விச்சுவுக்கு இது தினசரிக் காட்சி. "உங்க வீட்டுக்கு வர்ற திருடன் பாவம்க்கா" என்பான்.

ஹிஞ்சேவாடி ஆபீஸில் அவருக்கு வேலையே கதவும் பூட்டும்தான். கம்பெனி விற்கும் ஒலிபெருக்கிகளுக்கு மலேசியாவில் ஒரு தொழிற்சாலை பாகங்கள் செய்கிறது. அங்கே ஆட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று வீடியோவில் சோதிப்பார். பளபளக்கும் வரவேற்பறையைக் காட்டினால், அது போதும், கக்கூஸைக் காட்டுங்கள் என்பார். விடுதியில் காயும் துணிகளை வைத்தே அறைக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போடுவார். "வாய் பொய் சொல்லும். துணிக்கொடி சொல்லாது."

அப்பேர்ப்பட்டவரே சென்ற வருடம் கோட்டை விட்டார். தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டுகளை நிர்வாகம் அலமாரியில் பூட்டி வைத்திருந்தது. பாதுகாப்புக்காக நாங்களே கொடுத்தோம் என்று ஆளுக்கொரு கையெழுத்துக் காகிதம். அந்தப் பெரிய பூட்டைப் பார்த்ததும் அம்மாளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. 'சரி' என்று குறித்துவிட்டார்.

இந்த வருடச் சோதனையில், அங்கே வேலை செய்யும் திருவண்ணாமலைப் பெண் லீலா தனியாகப் பேசினாள். "தங்கச்சிக்குத் தலைப்பிரசவம் மேடம். அம்மா இல்ல, நான்தான் போவணும். பாஸ்போர்ட்ட குடுக்க மாட்டேன்றாங்க. போனா திரும்ப மாட்டேனாம்."

"நீதானேம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தே?"

"போட்டாதான் வேலைன்னாங்க."

ஆனந்தவல்லி அறிக்கையின் முதல் வரியில் தன் தவறையே எழுதினார்.

"அது அவங்க ஃபேக்டரி விவகாரம்மா" என்றார் மேலதிகாரி சூர்யநாராயணன்.

"டப்பா மேல நம்ம பேர்தானே சார் இருக்கு?"

பாஸ்போர்ட் அவரவர் கைக்குப் போகும்வரை புது ஆர்டருக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். பதினோரு நாள் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை முந்திக்கொண்டு பிறந்துவிட்டால் என்ன செய்வது?

நேற்று மதியம் லீலா வீடியோவில் வந்தாள். விடுதியில் ஆளுக்கொரு பெட்டகம், ஆளுக்கொரு சாவி. பாஸ்போர்ட்டைக் காட்டினாள், ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு டிக்கெட்டையும் காட்டினாள். அப்பாடா என்று ஆனந்தவல்லி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"பூட்டிட்டு ஒருதரம் இழுத்துப் பாரும்மா."

லீலா சிரித்துக்கொண்டே இழுத்துக் காட்டினாள்.

சாயங்காலம் விச்சு வருவதற்கு முன்பே ஆனந்தவல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். மேலே ஆபீஸில், அவர் பூட்டாமல் விட்ட மேசை இழுப்பறையில் சாவி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.