வெள்ளை என்று சொன்னேன்

போன வாரம் கொச்சியில் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடைக்குள் மழைக்கு ஒதுங்கினேன். முன்பு சுக்கு கிடங்காக இருந்த கட்டிடம். சுவரில் அந்தக் காரம் இன்னும் இருக்கிறது. இரண்டு தும்மல் போட்டேன். மேசையில் ஒரு பித்தளைக் கிண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கை தானாகப் போய் நிமிர்த்தி வைத்தது. கடைக்காரர் வந்து மறுபடி சாய்த்தார்.

"சாஞ்சு கிடந்தாத்தான் சாரே, ஃபாரின்காரங்க நின்னு பார்க்கும்."

மழை விடும்வரை நான் நிற்கவில்லை.

கிண்டி என்பது மூக்கு வைத்த செம்பு. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவுக்கு எங்கள் வீட்டில் அதுதான். அந்த வீடும் இதேபோல் ஒரு சுக்கு கிடங்கின் பின்பக்கம்தான் இருந்தது. தும்மாமல் நான் தொழுது முடித்த நாட்கள் குறைவு. மட்டாஞ்சேரியில் பிறந்த தமிழ் முஸ்லிம் குடும்பம் நாங்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். எழுபதுகளின் கடைசியில் நான் தினமும் போட் ஏறி எர்ணாகுளத்தில் ஒரு மாலைப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்கப் போவேன். வீட்டில் மூன்று பேர்: நான், லாத்தா என்று நான் கூப்பிடும் என் அக்கா, அவள் புருஷன். மச்சான் கிடங்கில் சுக்கு தரம் பிரிப்பார். சிரித்தால் தெரு முனைவரை கேட்கும். மைத்துனனான என்னை மலையாளத்தில் 'அளியா' என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருஷம் மச்சானுக்கு வளைகுடா போக வழி வந்தது. பம்பாய் வரை ரயில், அங்கிருந்து ஒரு ஏஜென்ட் லாஞ்ச் என்ற விசைப்படகில் ஏற்றிவிடுவான். காகிதம் எதுவும் சரியாக இல்லை. போகவா, வேண்டாமா? லாத்தா நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அவளே சொன்னாள், இஸ்திகாரா தொழுது பார்க்கலாம் என்று.

முடிவு தெரியாத காரியத்துக்கு எங்களிடம் இருந்த வழி அது. படுக்கப்போகும் முன் ஒளு செய்து, இரண்டு ரக்அத் தொழுது, 'இது நல்லதென்றால் எளிதாக்கு, கெட்டதென்றால் விலக்கிவிடு' என்று படைத்தவனிடம் கேட்பது. பிறகு யாரோடும் பேசாமல் வலப்பக்கம் சாய்ந்து உறங்க வேண்டும். கனாவில் வெள்ளையோ பச்சையோ வந்தால் போகலாம். கறுப்போ சிவப்போ வந்தால் கூடாது. கனா வரவேண்டும் என்று மார்க்கத்தில் நிபந்தனை எதுவும் இல்லை, மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே போதும் என்று மார்க்கம் படிப்பிக்கும் ஓர் உஸ்தாத் பின்னால் எனக்குச் சொன்னார். எங்கள் தெருவுக்கு அது தெரியாது. நிறம்தான் தீர்ப்பு.

யார் தொழுவது? மச்சான் என்னைக் காட்டினார்.

"நான் தொழுதா கனாவில விமானம் பறக்கும். இவ தொழுதா ஒப்பாரிதான் வரும். அளியா, நீ பேப்பர்காரன். கண்டதை அப்படியே சொல்லுவே."

"பேப்பர்காரனா? கமா போடுறவன்," என்றாள் லாத்தா. அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

தொழுதேன். கனாவும் வந்தது. எங்கள் வீட்டு நடையில் கிண்டி சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் மச்சானின் ஒற்றைச் செருப்பு. வெளிப்படி வரை காயல் தண்ணீர் ஏறி, அலையில்லாமல் நின்றது. கறுப்பு. வேறொன்றும் இல்லை.

காலையில் லாத்தா சாயா கிளாஸோடு எதிரே உட்கார்ந்தாள். மச்சான் தாடையில் பாதி சோப்போடு திரும்பிப் பார்த்தார். அவர் பின்னால் ஆணியில், முந்தின நாளே தையல்காரரிடமிருந்து வாங்கி வந்த புதுப் பேன்ட் தொங்கியது. அவர் போய்விட்டால் முன்னறைக் கட்டில் எனக்கு என்ற எண்ணமும் என் மனதில் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

"என்னடா பார்த்தே?"

"வெள்ளை," என்றேன். "வெள்ளைத் துணி. நிறைய வெளிச்சம்."

மச்சான் சோப்போடு என்னைக் கட்டிப்பிடித்தார். நுரை என் காதில் ஒட்டியது.

பம்பாயிலிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றாவதில், 'நாளைக்கு லாஞ்ச் ஏறுகிறோம். கட்டிலில் படுத்துப் பழகிவிடாதே அளியா, வந்து எழுப்பிவிடுவேன்' என்றிருந்தது. அதோடு சரி. ஏஜென்டின் அறை பூட்டிக் கிடந்தது. லாஞ்ச் போய்ச் சேர்ந்ததாகவும் தகவல் இல்லை, மூழ்கியதாகவும் இல்லை. பத்திரிகையில் அது ஒரு வரியாகக்கூட வரவில்லை. அந்தக் கட்டிலில் நான் படுக்கவுமில்லை.

எட்டு வருஷம் போயிற்று. காத்திருக்க வேண்டிய காலம் முடிந்தது, விரும்பினால் மறுமணம் செய்யலாம் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். கலூரிலிருந்து ஒருவர் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், நிதானமான மனிதர். வரும்போதெல்லாம் குடையை வெளியிலேயே மடக்கி வைத்துவிட்டு வருவார். லாத்தாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர் வரும் நாளில் அவள் கதவருகே நிற்பதை நான் கவனித்திருக்கிறேன்.

"நீயே தொழுடா," என்றாள். "உனக்குத்தான் தெளிவா வருது."

இந்த முறை உண்மை மட்டும் என்று முடிவெடுத்துப் படுத்தேன். பழைய கனாவையும் காலையில் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். வாக்கியம்கூடத் தயார். விடியும்வரை தூக்கமே வரவில்லை.

"என்ன பார்த்தே?"

"ஒண்ணும் பார்க்கலே லாத்தா. ஆனா அன்னிக்கு..."

"ஒண்ணும் இல்லேன்னா பழசு நிக்குதுன்னுதானே அர்த்தம்," என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "நீ வெள்ளைதானே பார்த்தே? வெளிச்சம் வேற இருந்துது. அந்த மனுஷன் எங்கயோ உசிரோட இருக்காரு. நான் ஒரு மடச்சி, அடுத்தவன் குடையைப் பார்த்துட்டு நின்னேன்."

கலூருக்கு அன்றே மறுப்பு சொல்லி அனுப்பினாள்.

மூன்று வருஷம் முன்பு அவள் மவுத்தானாள். உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் கழுத்திலிருந்த கருகமணியைக் கழற்றி என்னிடம் தந்தார்கள். நிக்காஹ் அன்று மச்சான் கட்டியது.

கிடங்கும் அதன் பின்னாலிருந்த வீடும் இப்போது தங்கும் விடுதி. எங்கள் கிண்டி எங்கே போனதென்று தெரியவில்லை. கனா மட்டும் அவ்வப்போது வருகிறது, தொழாமலேயே. அன்று வெளிப்படியில் நின்ற தண்ணீர் இப்போது நடை தாண்டி உள்ளே கட்டில் கால் வரை வந்துவிட்டது. விழித்து உட்காருகிறேன். என்ன பார்த்தே என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.